பார்சலோனாவில் கூடுதலாகத் தங்கிய மூன்று நாட்கள்

திண்டுக்கல்லில் என்னைப் புதியவர்களுக்கு அறிமுகம் செய்கிறவர்கள், "இவுக ஸ்பெயினு வரைக்கும் போயிட்டு வந்தவுக" என்று சொல்லித்தான் தொடங்குவார்கள். கேட்பவர் உடனே நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "அப்புடியா? அங்க என்னென்ன பாத்தீக?" என்பார். "வேலையாப் போனேன். ஒண்ணும் பாக்கல" என்று சொல்லி நான் பேச்சை மாற்றிவிடுவேன். அது பொய். நான் பார்த்தேன். மூன்று நாட்கள், காலையிலிருந்து பொழுது சாயும்வரை, கால் கடுக்கக் கடுக்கப் பார்த்தேன். என்ன பார்த்தேன் என்பதை என் வாழ்நாளில் ஒரே ஒருவரிடம்தான் சொல்லியிருக்கிறேன். அது என் மனைவி. அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள். இனி எழுதினால் யாருக்கும் நோகாது என்று நினைக்கிறேன்.

திண்டுக்கல் பேகம்பூரில் ஒரு தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், எனக்கு வேலை. பதனிட்ட ஆட்டுத்தோல்களை மேசையில் விரித்து, உள்ளங்கையால் தடவிப் பார்த்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, முதல் தரம், இரண்டாம் தரம், மூன்றாம் தரம் என்று பிரித்து அடுக்குவது. பள்ளி இறுதி வரை படித்திருந்ததால் வெளிநாட்டுக் கடிதங்களை வாசித்துச் சொல்வதும் என் வேலைதான். கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் தோலில் உண்ணி கடித்த தழும்பு எது, முள் கிழித்த கீறல் எது என்று சொல்லிவிடுவேன். அதில் எனக்குக் கர்வமும் உண்டு.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நான்கின் தொடக்கத்தில் பார்சலோனாவிலிருந்து ஒரு புகார்க் கடிதம் வந்தது. முதல் தரம் என்று குறிபோட்டு நாங்கள் அனுப்பிய கட்டுகளில் மூன்றாம் தரம் கலந்திருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். அவை நான் பிரித்த தோல்கள். கடிதத்தை முதலாளிக்கு நானேதான் வாசித்துச் சொல்ல வேண்டியிருந்தது.

முதலாளி என்னைத் திட்டவில்லை. "நீ பிரிச்சதுல தப்பு வராதுப்பா. வழியில ஏதோ ஆகியிருக்கு. நீயே போயி அவுகளுக்குக் கையால தடவிக் காமிச்சிட்டு வா. இந்த ஒடம்ப வச்சிக்கிட்டு என்னால கப்பல் ஏற ஏலாது" என்றார்.

அப்போது எங்களுக்கு ஒரே மகள். ஆறு வயது. தோல் ஷாப்பில் வேலை பார்க்கிறவன் எத்தனை முறை குளித்தாலும் ஒரு வாடை போகாது. நான் வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுவாள். பிறகு மூக்கைப் பிடித்தபடியே வந்து மடியில் ஏறி உட்காருவாள். ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் என் தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிடுவாள். அதைப் பார்த்து என் மனைவிக்குச் சிரிப்பு தாங்காது.

நோன்புப் பெருநாள் கழிந்த வாரத்தில் கிளம்பினேன். ரயிலடிக்கு இருவரும் வந்திருந்தார்கள். "ரெண்டு மாசம்தானே. நாங்க இருந்துக்கிருவோம். நீங்க ஒழுங்கா சாப்புடுங்க" என்றாள் மனைவி. மகள் ரயில் எஞ்சினைப் பார்ப்பதில் மும்முரமாக இருந்தாள். என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. நான் கூப்பிட்ட பிறகு கையை ஆட்டினாள்.

சென்னை, பம்பாய், அங்கிருந்து இரண்டு வாரம் கப்பல். இத்தாலியில் ஜெனோவா துறைமுகத்தில் இறங்கி, கடலை ஒட்டியே ஓடும் ரயிலில் பார்சலோனா போய்ச் சேர்ந்தேன். வழியெல்லாம் கப்பலில் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளித் தள்ளி வைக்கச் சொன்னார்கள். போய்ச் சேர்ந்தபோது நம் ஊருக்கும் அந்த ஊருக்கும் நாலரை மணி நேர வித்தியாசம். நமக்கு மாலை ஐந்து மணி என்றால் அவர்களுக்குப் பகல் பன்னிரண்டரை.

துறைமுகத்துக்குப் பின்னால் இருந்த ஒரு கிடங்கில் எங்கள் கட்டுகளை வைத்திருந்தார்கள். அலுவலகத்தில் ஒருவருக்கு மட்டும் ஆங்கிலம் தெரியும். கிடங்கில் என்னோடு வேலை செய்தவர் அங்கே தரம் பிரிக்கிறவர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். பெரிய உடம்பு, நரைத்த மீசை. அவருக்கு ஆங்கிலமும் தெரியாது, வேறெந்த மொழியில் நான் பேசினாலும் புரியாது. முதல் நாள் அவர் ஒரு தோலை எடுத்து விரித்து, என் கையைப் பிடித்து ஓர் இடத்தில் வைத்தார். நான் தடவிப் பார்த்தேன். தண்ணீர் பட்டு இறுகிய கறை. பதனிட்டதில் வந்த குறை இல்லை, கப்பலில் வந்தது. அடுத்த தோலை எடுத்து அவர் கையைப் பிடித்து நான் வைத்தேன். அதே கறை. அவர் தலையை ஆட்டினார். பத்து நாட்கள் இப்படியே கையைப் பிடித்துப் பிடித்துப் பேசினோம். அண்ணன் தம்பியாக இருந்தால்கூட அப்படி ஒத்துப்போயிருக்க மாட்டோம்.

திங்கட்கிழமை வேலை முடிந்தது. தவறு எங்களுடையது இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். நான் பிரித்தது சரிதான். அந்தக் காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மறுநாள் செவ்வாய்க்கிழமை காலை ரயிலில் கிளம்புவதாக அலுவலகத்தில் ஏற்கெனவே சொல்லியிருந்தேன். எனக்கு அடுத்த திங்கட்கிழமைதான் ஜெனோவாவிலிருந்து கப்பல். ஆனாலும் முன்கூட்டியே போய் உட்கார்ந்துவிடுவது என் சுபாவம்.

கிடங்கை விட்டு வெளியே வரும்போது மீசைக்காரர் என் தோளைப் பிடித்து நிறுத்தினார். சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியில் வியாழக்கிழமையைக் காட்டினார். அது சிவப்பு எழுத்தில் இருந்தது. ஏதோ ஒரு புனிதரின் திருநாள், விடுமுறை. தன் நெஞ்சைத் தொட்டார், என் நெஞ்சைத் தொட்டார், பிறகு கையை நீட்டி ஊரை முழுக்க ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார். இரு, வியாழக்கிழமை நான் உனக்கு ஊரைக் காட்டுகிறேன் என்கிறார் என்று புரிந்தது. நான் கொஞ்சம் யோசித்தேன். பிறகு சரி என்று தலையாட்டினேன். அவருக்குத் தெரிந்த மலிவான விடுதியில் ஓர் அறை பிடித்துக் கொடுத்தார். அலுவலகத்தில் போய் நான் இன்னும் ஊரில்தான் இருக்கிறேன் என்று சொல்லவில்லை. வேலை முடிந்த பிறகும் சுற்றித் திரிகிறான் என்று முதலாளிக்கு எழுதிவிடுவார்களோ என்று ஒரு கூச்சம். அவ்வளவுதான் காரணம்.

என் வாழ்க்கையில் அதுவரை வேலை இல்லாத ஒரு நாளை நான் கண்டதில்லை. பெருநாள் உண்டு, கல்யாணம் உண்டு, மவுத்து வீட்டுத் துக்கம் உண்டு; எல்லாவற்றிலும் செய்ய வேண்டியது ஏதாவது இருக்கும். செவ்வாய்க்கிழமை காலையில் அந்த விடுதியின் படியிறங்கித் தெருவில் நின்றபோது, இடப்பக்கம் போகவா வலப்பக்கம் போகவா என்று சொல்ல எனக்கு யாருமே இல்லை. அது எவ்வளவு பெரிய சந்தோஷம் என்று அன்றுதான் தெரிந்தது.

ஊருக்கு நடுவில், துறைமுகம் வரைக்கும் இறங்கிப் போகிற அகலமான ஒரு பாதை இருந்தது. இரண்டு பக்கமும் வண்டிகள் போக, நடுவே மரநிழலில் மனிதர்கள் மட்டும் நடந்தார்கள். அங்கே வரிசையாகப் பூக்கடைகள். பூக்காரிகள் எல்லோரும் என்னைக் கூப்பிட்டார்கள். மல்லிகை இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன், இல்லை. பூவைத் தொடுக்காமல் காம்போடு கட்டுக் கட்டாக விற்றார்கள். அடுத்தாற்போல் பறவைக் கடைகள். கிளி, புறா, பேர் தெரியாத மஞ்சள் குருவி. பாதையிலிருந்து ஒதுங்கிய சந்தைக்குள் போனால், மீன்களைப் பனிக்கட்டிமேல் பூ அடுக்குவதுபோல அடுக்கியிருந்தார்கள். விலை கேட்காமல், எதையும் வாங்காமல் இரண்டு மணி நேரம் அதற்குள் சுற்றினேன்.

பிறகு பழைய ஊருக்குள் இருந்த பெரிய தேவாலயத்தின் வாசலில் தயங்கி நின்றேன். நம்மை உள்ளே விடுவார்களோ மாட்டார்களோ. எல்லோரும் போகிறார்களே என்று நானும் போனேன். உள்ளே ஒரு முற்றம். முற்றத்தில் ஒரு குளம். குளத்தில் வெள்ளை வாத்துகள். வாத்தைவிடப் பெரியவை, கழுத்து நீண்டவை. எண்ணினேன், பதின்மூன்று. தொழுகிற இடத்தில் வாத்து வளர்க்கிறார்களே என்று எனக்கு ஒரே ஆச்சரியம். ஒரு கல்லில் உட்கார்ந்து வெகு நேரம் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை துறைமுகத்தில் சின்னப் படகு ஒன்றில் ஏறி, பெரிய கப்பல்களுக்கு நடுவே ஒரு சுற்றுப் போய் வந்தேன். அப்புறம் கடற்கரை. மீனவர்கள் வலையைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார்கள். கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிவிட்டுத் தண்ணீரில் நின்றேன். பனிபோல் குளிர்ந்தது. நின்றுகொண்டே இருந்தேன். ஒரு நாய் வந்து என் செருப்பை முகர்ந்து பார்த்துவிட்டு அதன் பக்கத்திலேயே படுத்துக்கொண்டது.

மகளுக்கு எதுவும் வாங்கவில்லை. ஜெனோவாவில் பொம்மைகள் நன்றாக இருக்கும் என்று கப்பலில் யாரோ சொல்லியிருந்தார்கள். கப்பல் ஏறுமுன் அங்கே வாங்கிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன்.

வியாழக்கிழமை காலை மீசைக்காரர் தேய்த்த சட்டையோடும் ஒரு பையோடும் வந்தார். கடற்கரையில் உட்கார்ந்து பையைத் திறந்தார். பன்றி இறைச்சி நான் தொடமாட்டேன் என்று அவருக்குத் தெரியும். ரொட்டியை நீளவாக்கில் பிளந்தார். தக்காளியைப் பாதியாக வெட்டி ரொட்டிமேல் தேய் தேய் என்று தேய்த்தார். எண்ணெய் ஊற்றி உப்புப் போட்டு என் கையில் கொடுத்தார். வறுத்த மத்தி மீன் வேறு இருந்தது. கையில் எண்ணெய் வழிய வழியச் சாப்பிட்டோம்.

பிறகு ஓர் உயரமான இரும்புக் கோபுரத்துக்கு என்னைக் கூட்டிப் போனார். கோபுரத்தின் உச்சியிலிருந்து எதிரே இருந்த குன்று வரைக்கும், கடலுக்கு மேலே கம்பி இழுத்திருந்தார்கள். அந்தக் கம்பியில் ஒரு பெட்டி தொங்கிக்கொண்டு போனது, ஆட்களை ஏற்றிக்கொண்டு. நாங்கள் ஏறினோம். பெட்டி கோபுரத்தை விட்டு நகர்ந்ததும் கீழே தண்ணீர், கப்பல்கள், ஊர் முழுக்க ஓட்டுக் கூரைகள், அதற்கப்பால் நீல மலை. காற்றில் பெட்டி ஊஞ்சல்போல் ஆடியது. திரும்பிப் பார்த்தால், மீசைக்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டு, வாய்க்குள் ஏதோ ஜபித்துக்கொண்டிருந்தார். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த மனிதர், அன்றைக்குத்தான் முதல் தடவை அதில் ஏறியிருக்கிறார். எனக்காக ஏறியிருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. நான் சிரிக்கிற சத்தம் கேட்டு அவரும் கண்ணைத் திறக்காமலே சிரிக்க ஆரம்பித்தார். பெட்டியில் இருந்தவர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். கண்ணில் தண்ணீர் வரும்வரைக்கும் சிரித்தேன். குன்றில் போய் இறங்கியபோது அங்கே ஒரு கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டரை.

அன்று சாயங்காலம் அவர் ரயிலடிக்கு வந்து என்னை ஏற்றிவிட்டார்.

சனிக்கிழமை ஜெனோவாவில் கப்பல் அலுவலகத்துக்குப் போனேன். என் பெயரைச் சொன்னதும் அங்கிருந்தவர் இரண்டு உறைகளை எடுத்துக் கொடுத்தார். ஊரிலிருந்து பார்சலோனா அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்து இங்கே திருப்பிவிடப்பட்ட தந்திகள். எது முந்தியது என்று பார்க்காமல் ஒன்றைப் பிரித்தேன். நான் முதலில் பிரித்தது இரண்டாவது தந்தி. மகள் வியாழக்கிழமை இறந்துவிட்டாள் என்று இருந்தது. அதன் பிறகு மற்றதைப் பிரித்தேன். மகளுக்கு உடம்பு மோசமாக இருக்கிறது என்று அது சொன்னது. செத்துப்போன பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று படித்துக்கொண்டு நின்றேன். தந்தியைக் கொடுத்தவர் எனக்கு ஒரு நாற்காலியைக் காட்டினார். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று தோன்றியது.

திரும்பி வந்த இரண்டு வாரக் கப்பல் பயணத்தைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

திண்டுக்கல் ரயிலடியில் முதலாளியும் என் மனைவியின் அண்ணனும் நின்றார்கள். என் மச்சான் வத்தலக்குண்டு பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பழக்கடை வைத்திருந்தார். என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "மாப்ள, எல்லாஞ் செஞ்சு பாத்துட்டோம்" என்றார். வீட்டுக்குப் போனேன். மனைவி கதவடியில் நின்றாள். பாதியாக இளைத்திருந்தாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"குளிங்க. தண்ணி வெளாவி வச்சிருக்கேன்" என்றாள்.

பத்து நாட்களுக்கு ஆட்கள் வந்து போனார்கள். முதலில் துக்கம் கேட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து, பேச்சு ஓய்கிற இடத்தில், மெல்லக் கேட்பார்கள்: "அந்த ஊரு எப்புடி?" நான் சொல்வேன், "கெடங்குக்கும் ரூமுக்கும் போயி வரவே சரியாப் போச்சு. ஒண்ணும் பாக்கல." அடுப்படியில் மனைவி நடமாடுகிற சத்தம் அந்த நேரம் நின்றுவிடும். நான் அதைக் கவனித்தேன். கவனிக்காதவன்போல் இருந்தேன்.

சித்திரையில் மச்சான் வந்து அவளை வத்தலக்குண்டுக்குக் கூட்டிப் போனார். "செத்த நாளைக்கு அங்க இருக்கட்டும் மாப்ள. இங்க இருந்தா சோறு எறங்க மாட்டேங்குது" என்றார். நான் வெள்ளிக்கிழமைதோறும் ஜும்ஆ தொழுகை முடிந்ததும் பேருந்து ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் திரும்பி வருவேன். மச்சான் வீட்டு மாடியில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். கொடைக்கானல் சீசன். கீழே பேருந்து நிலையத்தில் மலைக்குப் போகிற கூட்டம் அலைமோதும். கம்பளிச் சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வேர்த்து விறுவிறுத்து நிற்கிற ஆட்கள், மலை வாழைப்பழம் உரித்துத் தின்கிற பிள்ளைகள், கழுத்தில் கேமரா தொங்குகிறவர்கள். அவள் அவர்களைப் பார்ப்பாள், நான் அவளைப் பார்ப்பேன்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை, தலையைத் திருப்பாமலே சொன்னாள். "எல்லாரும் ஊர் பாக்கப் போறாக."

"ம்."

"தந்தி குடுத்ததுக்கு, நீங்க செவ்வாக்கெழமயே கெளம்பிட்டீகன்னு பதில் வந்துச்சு. அண்ணந்தான் வந்து சொன்னாரு." இப்போது என்னைப் பார்த்தாள். "கப்பலு திங்கக்கெழமதான். ரயிலு ஒண்ணர நாளுதான்னு லெட்டர்ல எழுதியிருந்தீக. ஆனா சனிக்கெழமதான் தந்தி கைக்குக் கெடச்சுச்சுன்னு நீங்களே சொன்னீக. செவ்வாக்கெழமைலேருந்து எங்க இருந்தீக?"

நான் சொன்னேன். வியாழக்கிழமை சாயங்காலம் வரை அந்த ஊரிலேயே இருந்தேன் என்று சொன்னேன். எதற்கு என்று கேட்டாள்.

"ஊரு பாக்க."

அவள் கத்தவில்லை, அழவில்லை. "முழுசாச் சொல்லுங்க" என்றாள். "செவ்வாக்கெழம காலைலேருந்து."

நான் சொல்லத் தொடங்கினேன். அவள் பாதியில் நிறுத்தி, "அப்ப இங்க மணி என்ன?" என்பாள். நான் நாலரை மணியைக் கூட்டிச் சொல்வேன். அந்த நேரத்தில் திண்டுக்கல்லில் என்ன நடந்தது என்று அவள் சொல்வாள். நான் பூக்கடைகளைத் தாண்டி நடந்தபோது டாக்டர் வந்து தொண்டையைப் பார்த்திருக்கிறார். தொண்டை அடைப்பான் என்று சொல்லி, உடனே மதுரைக்குக் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறார். அந்தச் சாயங்காலந்தான் எனக்குத் தந்தி. நான் வாத்துகளை எண்ணிக்கொண்டிருந்தபோது முதலாளியின் காருக்கு ஆள் போயிருக்கிறது. கார் வெளியூர் போயிருந்தது, விடியற்காலையில்தான் வந்தது. நான் கடலில் கால் நனைத்துக்கொண்டு நின்றபோது மதுரை ஆஸ்பத்திரியில் மகளுக்குக் குரல் போய்விட்டது. தண்ணீர் விழுங்க முடியவில்லை. உதட்டை அசைத்து என்னமோ கேட்டாளாம்.

"என்ன கேட்டான்னு எனக்குப் புரியல" என்றாள் மனைவி. "பெத்தவளுக்கே புரியல."

கீழே ஒரு பேருந்து கிளம்பியது. ஏறியவர்கள் கூச்சல் போட்டுக் கையாட்டினார்கள். அது தெரு முனையில் திரும்பும்வரை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வியாழக்கெழம. அஸர் பாங்கு சொல்லி முடிஞ்ச நேரம். மணி அஞ்சு இருக்கும். அப்பத்தான் மூச்சு நின்னுச்சு. நீங்க அப்ப எங்க இருந்தீக?"

கணக்குப் போட எனக்கு நேரம் தேவைப்படவில்லை. ஜெனோவாவிலிருந்து பம்பாய் வரைக்கும் அந்தக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டு வந்தேன்.

"கடலுக்கு மேல ஒரு பெட்டி போகும். அதுல போயிக்கிட்டு இருந்தேன்."

"தனியாவா?"

"கெடங்குக்காரரு கூட இருந்தாரு."

"என்ன செஞ்சுக்கிட்டு இருந்தீக?"

பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொல்லியிருக்கலாம். அதுவும் பொய் இல்லை. ஆனால் அவள் ஒவ்வொரு மணியையும் எனக்கு மறைக்காமல் சொல்லியிருந்தாள். நானும் சொன்னேன்.

"சிரிச்சுக்கிட்டு இருந்தேன்."

அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு எழுந்தாள். "நீங்க பொய் சொல்லியிருக்கலாம்" என்றாள். உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் பேருந்து ஏறி வந்துவிட்டேன்.

அடுத்த நான்கு வெள்ளிக்கிழமைகள் போனேன். அவள் வெளியே வரவில்லை. மச்சான் காரணம் கேட்டதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை, அவளும் சொல்லியிருக்கவில்லை. மாடி ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் தனியாக உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பி வருவேன். என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்க நினைத்தேன். எதற்காக? தந்தி செவ்வாய்க்கிழமையே கைக்குக் கிடைத்திருந்தாலும் நான் வந்து சேர்ந்திருக்க முடியாது. அது அவளுக்கும் தெரியும். தெரிந்தும் அது எங்கள் இருவருக்கும் எந்தப் பயனும் தரவில்லை.

ஆனியில், முதல் காற்று வீசத் தொடங்கிய ஒரு புதன்கிழமை, ஷாப்பிலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தால் வீடு திறந்திருந்தது. அவள் தனியாகப் பேருந்தில் வந்துவிட்டிருந்தாள். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. "வெஞ்சனம் ஒண்ணும் வாங்கல. புளிக்கொழம்பும் சுட்ட அப்பளமுந்தான்" என்றாள். தட்டை வைத்தாள். நான் சாப்பிட்டேன். அவளும் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டாள். அன்றைக்கு அதற்கு மேல் எதுவும் நடக்கவில்லை.

அதன் பிறகு முப்பது ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தோம். பிள்ளை பிறக்கவில்லை. இரண்டு வருடம் கழித்து முதலாளி மறுபடியும் என்னைப் பார்சலோனாவுக்குப் போகச் சொன்னார். முடியாது என்று சொல்லிவிட்டேன். வேறொருவர் போய் வந்தார். அந்த மீசைக்காரர் என்னை விசாரித்ததாக வந்து சொன்னார். எழுதுகிறேன் என்று நினைத்தேன். எந்த மொழியில் எழுதுவது, என்ன எழுதுவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன். அந்த மனிதர் எனக்கு நன்மையைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை.

அந்தப் பெட்டியில் போன அரைமணி நேரத்தை வெறுக்க நான் எவ்வளவோ முயன்றிருக்கிறேன். கண்ணை மூடினால் தண்ணீரும் கப்பல்களும் நீல மலையும் அழகாகத்தான் வருகின்றன. அந்த அழகு போகவில்லை. அதுதான் எனக்குத் தண்டனை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் பெண்கள் கபர்ஸ்தானுக்குள் போவதில்லை. மகளை அடக்கம் செய்தபோது நான் கப்பலேறக்கூட இல்லை. மனைவி வீட்டு வாசலோடு நின்றுவிட்டாள். பெற்ற இரண்டு பேருமே அவளுக்கு ஒரு பிடி மண் போடவில்லை. மச்சான்தான் போட்டார். ஊருக்கு வந்த மறுநாள் அவர்தான் எனக்குக் கபுரைக் காட்டினார். அதன் பிறகு, மனைவி வத்தலக்குண்டிலிருந்து திரும்பி வரும்வரை, தனியாக ஒரு தடவைகூட நான் போகவில்லை. கால் வரவில்லை.

மனைவி திரும்பி வந்த அந்த வாரம் வெள்ளிக்கிழமை, தொழுகைக்குத் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பின்னாலேயே வந்தாள்.

"தொழுதுட்டுப் பிள்ளையப் போயிப் பாத்துட்டு வாங்க."

"சரி."

"சும்மா போயி நின்னுட்டு வராதீக. நல்லாப் பாத்துட்டு வாங்க. வந்து எனக்குச் சொல்லணும்."

போனேன். சின்ன மேடு. காற்றுக்குக் காய்ந்த வேப்பிலைகள் மேலே வந்து விழுந்திருந்தன. தலைமாட்டில் நட்ட கல் லேசாகச் சாய்ந்திருந்தது. நிமிர்த்தி, மண்ணை மிதித்து இறுக்கினேன். ஓர் ஓரமாக ஆட்டுப் புழுக்கை கிடந்தது, பொறுக்கி எறிந்தேன். ஓதிவிட்டு உட்கார்ந்து, நீளம் எவ்வளவு, வெயில் எந்தப் பக்கமிருந்து விழுகிறது, பக்கத்துக் கபுரு யாருடையது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அவள் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தாள். நான் சொல்லத் தொடங்கினேன். நடுவில் நிறுத்தி நிறுத்திக் கேட்டாள். வேப்ப மரம் எம்புட்டுத் தூரம், மத்தியானத்தில் நிழல் வருமா, மழை பெய்தால் தண்ணீர் அங்கே நிற்குமா.

"நிக்காது. கொஞ்சம் மேடுதான்" என்றேன்.

"நல்லாப் பாத்தீகளா?"

"நல்லாப் பாத்தேன்."

வாரந்தோறும் கேட்டாள். வாரந்தோறும் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னேன்.